பழைய பட்டாளத்துக்குள் புதுக் கருவியை நுழைப்பது எப்படி

புதுக் கருவி பெட்டியில் வந்து இறங்கும் அன்று பட்டாலியனே அதைச் சுற்றி நிற்கும். பெரிய அதிகாரி வருவார், போட்டோ எடுப்பார்கள், கைதட்டுவார்கள். கொஞ்ச நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அது ஸ்டோரில் பூட்டிக் கிடக்கும். ஏன் என்று கேட்டால், "உடைஞ்சா யார் சார் பதில் சொல்றது?" என்பார் ஸ்டோர்காரர். அவர் மேல் தப்பில்லை. ஒரு ட்ரோனின் இறக்கை உடைந்தால் அவர் தலைதான் உருளும். உபயோகமில்லாமல் கிடந்தாலோ யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

நான் காலாட்படையில் ஆயுதப் பயிற்சியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். இயந்திரத் துப்பாக்கியில் தொடங்கி, இருட்டில் பார்க்கும் கண்ணாடி வழியாக, கடைசியில் ட்ரோன் வரைக்கும் கிளாஸ் எடுத்திருக்கிறேன். பொறுப்புக்கு வந்த இளம் அதிகாரிகள் இப்போதும் போன் செய்து கேட்பது ஒரே கேள்விதான்: "சார், சாமான் வந்துடுச்சு, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு ட்ரோனை வைத்துக்கொள்கிறேன். வேறு எது வந்தாலும் செய்ய வேண்டியவை பெரும்பாலும் இவைதான்.

முதலில் அந்த ஸ்டோர்காரரின் பயத்தைத் தீர்த்து வையுங்கள். வந்ததில் நான்கில் ஒன்றையாவது "பயிற்சியில் உடையும்" என்று எழுத்திலேயே கழித்துவிட மேலிடத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்வார்த்தை உதவாது, கையெழுத்து வேண்டும். அது வரும்வரை நீங்கள் எவ்வளவு கத்தினாலும் பெட்டி திறக்காது.

ஒரு தாள், இரண்டு பத்தி

அடுத்தது, ஒரு முழுத்தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், ஒரு வேலையை இன்று யார் யார் எப்படிச் செய்கிறார்கள் என்று எழுதுங்கள். வலப்பக்கம், கருவி வந்த பிறகு அதே வேலையை யார் செய்வார்கள் என்று எழுதுங்கள். "மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்ப்பது" ஒரு வேலை. இன்று அதற்கு ஒரு செக்‌ஷன் (பத்துப் பேர் அளவுள்ள சிறு குழு) நடந்து போய்த் திரும்பி வந்து சொல்கிறது. நாளைக்கு ட்ரோன் போகும். சரி, போகச் சொல்வது யார்? படத்தைப் பார்ப்பது யார்? பார்த்ததை மோர்ட்டார் (சிறு பீரங்கி) சுடுகிறவனுக்குச் சொல்வது யார்? சுடலாம் என்பது யார்? வலப்பக்கத்தில் இந்த நான்கு பெயரும் இல்லையென்றால் கருவி இன்னும் பட்டாலியனுக்கு வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

இந்தத் தாளை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கருவியின் பலன் பல நேரம் அதன் விவரப் பட்டியலில் இருக்காது. 1866 ஜூலை 3 அன்று கோனிக்ரேட்ஸில் பிரஷியாவும் (அன்றைய வட ஜெர்மன் அரசு) ஆஸ்திரியாவும் மோதின. பிரஷியச் சிப்பாயிடம் இருந்தது பின்பக்கம் தோட்டா போடும் டிரைஸே ஊசித் துப்பாக்கி. ஆஸ்திரியச் சிப்பாயிடம் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் லோரன்ஸ் துப்பாக்கி. தூரத்தில் அடிப்பதில் லோரன்ஸ்தான் மேல். ஆனால் லோரன்ஸில் மருந்து கெட்டிக்க எழுந்து நிற்க வேண்டும். ஊசித் துப்பாக்கிக்காரன் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டே போட்டுப் போட்டுச் சுடுவான், அதுவும் பல மடங்கு வேகத்தில்.

ஆஸ்திரியாவுக்கு வேறொரு வினையும் இருந்தது. 1859இல் பிரெஞ்சுக்காரர்களின் பயனட் (துப்பாக்கி முனைக் கத்தி) பாய்ச்சலில் அடிபட்டுத் தோற்றிருந்தார்கள். அதிலிருந்து பாடம் படித்து, இனி நாமும் நெருக்கமான அணியாக ஓடிப்போய்க் குத்துவோம் என்று பயிற்சி எடுத்து வந்தார்கள். படுத்துக்கிடந்து சுடுகிறவன் முன்னால் அந்த அணி என்ன ஆகும்? ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். பிரஷியா அந்தத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது 1841இல். நடுவே இருந்த 25 வருஷத்தில் படுத்துச் சுடுவதையும் எப்போது சுடக் கூடாது என்பதையும் பழக்கினார்கள். உங்கள் தாளிலும் "உடம்பு என்ன செய்யும்" என்று ஒரு வரி இருக்கட்டும். ட்ரோன் ஓட்டுகிறவன் தலையைக் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான், காதில் ஒன்றும் விழாது. அவன் முதுகைக் காக்க ஒருவன் வேண்டும். இது எந்த விவரப் பட்டியலிலும் இல்லை.

யார் கையில் கொடுப்பது

பார்க்க எது மாதிரி இருக்கிறதோ, அந்தப் பிரிவிடம் கொடுத்துவிடுவது பழைய பட்டாளங்களின் குணம். 1870இல் பிரஷியாவோடு போரிட்ட பிரான்ஸிடம் மித்ராயெஸ் என்று ஒன்று இருந்தது. 25 குழாய், ஒரு கைப்பிடி, இயந்திரத் துப்பாக்கிக்குப் பாட்டன் முறை. சக்கரம் வைத்த வண்டியில் ஏறியிருந்ததால் பார்க்கப் பீரங்கி மாதிரி இருந்தது. பீரங்கிப் படையிடமே போனது. அவர்கள் பீரங்கி போலவே தூரத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். எதிரே பிரஷியர்களிடம் க்ரூப் எஃகுப் பீரங்கி, இதைவிட அதிக தூரம் அடிப்பது. நிறுத்தி வைத்த இடத்திலேயே அடி விழுந்தது. கிராவலாட் சண்டையில் சில இடங்களில் கிட்டத்தில் வைத்துச் சுட்டபோது அதே கருவி நன்றாகவே வேலை செய்தது.

அதில் இன்னொரு கூத்தும் உண்டு. ரகசியம் ரகசியம் என்று பொத்திப் பொத்தி வைத்ததால், போர் தொடங்கியபோது அதை இயக்கப் பழகியவர்கள் மிகக் குறைவு. போலந்தும் இதையே செய்தது. அவர்களுடைய டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி 1939இல் முத்திரையிட்ட பெட்டிகளில் பிரிவுகளுக்குப் போனது, போருக்குத் திரட்டும்வரை திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு. ரகசியம் காக்க வேண்டியதுதான். ஆனால் சொந்த ஆளிடமிருந்தே காப்பது வேறு கதை.

என் கணக்கு இதுதான்: அடுத்த ஐந்து நிமிஷத்தில் அந்தத் தகவலை வைத்து எவன் முடிவெடுக்கப் போகிறானோ, அவன் கீழ் கருவி இருக்க வேண்டும். கம்பெனி (பட்டாலியனின் ஒரு பிரிவு) கமாண்டர் மேட்டுக்கு அந்தப் பக்கம் பார்க்கப் பட்டாலியனிடம் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தால், ட்ரோன் போய்ச் சேரும்போது அங்கே புழுதிதான் இருக்கும். பழுது பார்ப்பதையும் உதிரி பாகத்தையும் மட்டும் ஒரே இடத்தில் வையுங்கள், அதைப் பிரித்தால் வீணாகும்.

சாமான் வருவதற்கு முன்பே ஒத்திகை

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த வேலை இது. காசு செலவில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் ரேடார் இன்னும் சரியாக வேலை செய்யாத 1936இல், பிகின் ஹில் விமானத்தளத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. குண்டுவீச்சு விமானம் வருகிற பாதையை, ரேடார் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித் துண்டு துண்டாகத் தரையில் இருப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். அதை வைத்துச் சண்டை விமானத்தை எந்தத் திசையில் திருப்பினால் போய் மடக்கலாம் என்று மாதக்கணக்கில் பழகினார்கள். ஹென்றி டிசார்டு என்ற விஞ்ஞானி எளிய கோணக் கணக்கு ஒன்றைச் சொன்னார், கண்ணளவிலேயே போடக்கூடியது. ரேடார் தயாரானபோது அதைச் சுற்றி வேலை செய்யத் தெரிந்த ஆட்களும் தயாராக இருந்தார்கள். 1940இல் லண்டன் மேல் விமானங்கள் வந்தபோது உதவியது அந்தப் பழக்கம்தான். கடலோர ரேடார் நிலையங்கள் சொல்வது விமானப்படைத் தலைமையகமான பென்ட்லி பிரியரியில் ஒரு அறைக்கு வரும். அங்கே சலித்து, சரிபார்த்து, மேஜை மேல் குறி நகர்த்தி, டெலிபோனில் படைத்தளங்களுக்குச் சொல்வார்கள். ரேடார் கடலைப் பார்த்து நின்றதால், கரை தாண்டி உள்ளே வந்த விமானத்தைத் தரையிலிருந்து கண்ணால் பார்த்துச் சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். ஜெர்மனியின் ரேடாரும் தரத்தில் குறைந்ததல்ல. இந்த அறையும் மேஜையும் டெலிபோனும் சேர்ந்த ஏற்பாடுதான் அன்று அவர்களிடம் இல்லை.

அதே ஜெர்மானியர்கள் டாங்கி விஷயத்தில் முந்திக்கொண்டார்கள். வெர்சாய் உடன்படிக்கை டாங்கியைத் தடை செய்திருந்தது. கார் மேல் மரத்தாலும் துணியாலும் கூடு கட்டி ஓட்டிப் பழகினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். உயரமான தண்ணீர்த் தொட்டியோ மேடோ பாருங்கள். ஒரு ஆளை ரேடியோவோடு மேலே ஏற்றுங்கள். அவன்தான் ட்ரோன். இருபது நிமிஷம் பேசலாம், அப்புறம் "பேட்டரி தீர்ந்தது", வாயை மூட வேண்டும். இறங்கி, மறுபடி ஏறினால் இன்னொரு இருபது நிமிஷம். கீழே கம்பெனி தன் வேலையைச் செய்யட்டும். நான் நடத்திய ஒத்திகைகளில் முதல் பத்து நிமிஷத்தில் எப்போதும் இது வரும்:

"சார், இடது பக்கம் மூணு பேர் போறாங்க."

"யாரோட இடது பக்கம்?"

"என்னோட... இல்ல சார், உங்களோட வலது பக்கம். இருங்க, நீங்க எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறீங்க?"

இதற்குள் அந்த மூன்று பேரும் மரத்தடிக்குப் போய்விட்டிருப்பார்கள். மேலே இருந்து பார்ப்பவனுக்கு இடதும் வலதும் கிடையாது என்று எத்தனை கிளாஸ் எடுத்தாலும் ஏறாது. இப்படி ஒரு தடவை கோட்டை விட்டால் ஏறிவிடும். பையன்களே வழி கண்டுபிடிப்பார்கள். வடக்கு தெற்கு மட்டும் பேசுவது, ஒத்திகைக்கு முன்பே மரம், கிணறு, வளைவு என்று பத்து இடத்துக்குப் பெயர் வைத்து எல்லார் வரைபடத்திலும் குறித்துக்கொள்வது, முதலில் இடம், அப்புறம் எண்ணிக்கை, அப்புறம் போகும் திசை என்ற வரிசை. உண்மையான ட்ரோன் வரும் அன்று பேச்சு பழகியிருக்கும், விரல் மட்டும் பழகினால் போதும்.

ஏற்கெனவே மூச்சுத் திணறுகிறவனைக் கண்டுபிடியுங்கள்

1940இல் பிரெஞ்சு டாங்கிகளின் கவசம் தடிமன், பீரங்கியும் நல்லது. ஷார் பி1 பிஸ் டாங்கியின் கோபுரத்தில் ஒரே ஒரு ஆள்தான். குண்டு போடுவதும் அவரே, குறி பார்ப்பதும் அவரே, சுடுவதும் அவரே, டாங்கியை எங்கே ஓட்டுவது என்று சொல்வதும் அவரே. ஜெர்மனியின் பான்சர் 3 கோபுரத்தில் மூன்று பேர். கமாண்டருக்குச் சுற்றிப் பார்த்து யோசிப்பது மட்டுமே வேலை. எல்லா டாங்கிகளும் ஒன்றோடொன்று ரேடியோவில் பேச வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஜெர்மன் தளபதி குடேரியன் முதல் உலகப் போரில் சிக்னல் அதிகாரியாக இருந்தவர். பக்கத்து டாங்கியோடு பேச முடியாத தடிமனான டாங்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் பட்டாலியனில் அந்த ஒற்றை ஆள் கோபுரம் செக்‌ஷன் கமாண்டர்தான். எந்தக் கருவி வந்தாலும் கடைசியில் அவர் நெஞ்சிலேயே மாட்டுகிறார்கள். ரேடியோ, ஜிபிஎஸ், டேப்லெட், இப்போது ட்ரோன் திரையும். ஒரு பயிற்சியின்போது நோட்டும் பேனாவுமாக அவர் பின்னாலேயே நடந்து பாருங்கள். எதையாவது கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு கோடு, தலை நிமிர்ந்து தன் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சுழி. கோடு நிறைந்து சுழி அருகியிருந்தால் புதிய கருவியை அவரிடம் தராதீர்கள். தந்தே ஆக வேண்டுமென்றால் வேறொன்றைக் கழற்றிக்கொள்ளுங்கள். எடையும் அப்படித்தான், ஒன்று ஏறினால் ஒன்று இறங்க வேண்டும்.

எதிரியைவிடப் பழுது அதிகம் கொல்லும்

1917 நவம்பர் 20, பிரான்ஸில் காம்ப்ரே, முதல் உலகப் போர். பிரிட்டிஷ் படை 476 டாங்கிகளோடு இறங்கியது. அன்று சாயங்காலத்துக்குள் 179 டாங்கிகள் முடங்கின. எதிரியின் குண்டு நேரடியாக விழுந்தது 65இல் மட்டும். 71 தானாகப் பழுதாகி நின்றன, 43 பள்ளத்தில் சிக்கின. இந்தக் கணக்கை உங்கள் மேலதிகாரியிடம் காட்டி உதிரி பாகம் கேளுங்கள்.

ட்ரோனில் பழுதுக்கு முதல் இடம் பேட்டரி. முழு சார்ஜில் வாரக்கணக்கில் வைத்தால் கெடும். சும்மா வைக்கும்போது செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில், அதாவது பாதியளவில், இருக்க வேண்டும். வயிறு ஊதியதைத் தள்ளி வையுங்கள், "இன்னொரு தடவை பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கிளம்பும்வரை சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதி, எத்தனை முறை சார்ஜ் ஆனது என்று நோட்டு போடுங்கள். இந்த நோட்டுக்குச் சோம்பலில்லாத ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். அவன் நன்றாக ட்ரோன் ஓட்டாவிட்டாலும் பரவாயில்லை.

"இதுக்குப் பராமரிப்பே தேவையில்லை" என்று விற்பவர் சொன்னால் காதில் வாங்காதீர்கள். வியட்நாமில் எம்16 துப்பாக்கியைச் சுத்தம் செய்யவே வேண்டாத ஆயுதம் போலப் பேசிக் கொடுத்தார்கள். பலருக்குத் துடைக்கும் சாமானே போகவில்லை. தோட்டா மருந்தையும் நடுவில் மாற்றியிருந்தார்கள். சண்டை நடுவே துப்பாக்கி சிக்கி ஆட்கள் செத்தார்கள். கடைசியில் 1968இல், எப்படிச் சுத்தம் செய்வது என்று படக்கதைப் புத்தகமாகவே அச்சடித்துச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். நல்ல யோசனை. உங்கள் பட்டாலியனிலும் படம் வரையத் தெரிந்தவன் ஒருவன் இருப்பான், பிடியுங்கள்.

கெட்ட செய்தி மேலே போக ஒரு வழி

அமெரிக்க நீர்மூழ்கிகளின் மார்க் 14 டார்பிடோ (தண்ணீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு) கதையைப் பயிற்சிப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக வைக்கலாம். ஒன்றின் விலை பத்தாயிரம் டாலர் அளவு, அதனால் போருக்கு முன் நிஜமாக வெடித்துப் பார்க்கவே தயங்கினார்கள். போரில் கப்பலுக்கு அடியில் போய்விடுகிறது, அல்லது முட்டியும் வெடிப்பதில்லை என்று மாலுமிகள் சொன்னார்கள். உனக்குக் குறி பார்க்கத் தெரியவில்லை என்று பதில் வந்தது. 1942 ஜூனில் ஆஸ்திரேலியாவின் ஆல்பனியில் மீன்பிடி வலையைத் தண்ணீரில் தொங்கவிட்டு அதன் வழியே சுட்டுப் பார்த்தார்கள். வலையில் விழுந்த ஓட்டையை அளந்தால், வைத்த ஆழத்தைவிடச் சராசரியாக 11 அடி கீழே போயிருந்தது. அதைத் திருத்தியபின் வேறு குறை, அப்புறம் இன்னொன்று. 1943 ஜூலையில் டினோசா என்ற நீர்மூழ்கி, அடிபட்டு நின்றுபோன கப்பலை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டும் டார்பிடோக்கள் வெடிக்கவில்லை. நேராக, செங்கோணத்தில் முட்டினால் வெடிக்கும் ஊசி நசுங்கிவிடுகிறது என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. எல்லாம் சரியாக 1943 செப்டம்பர் ஆனது.

எனவே உங்கள் மீன்வலையை நீங்களே கட்டுங்கள். நிறுவனத்தின் ஆள் பொத்தானை அழுத்திக் காட்டும் காட்சியைச் சோதனை என்று எண்ணாதீர்கள். உங்கள் பையன், மழையில், கையுறையோடு, தூக்கமில்லாத ராத்திரியில் செய்து பார்ப்பதுதான் சோதனை. குறை எழுத ஒரு நோட்டைப் பொது இடத்தில் தொங்கவிடுங்கள். எழுதுகிறவன் பெயர் போட வேண்டாம். வாரம் ஒருநாள் கமாண்டரே எல்லார் முன்னாலும் படித்து, எது சரி, எதை மேலே அனுப்பியாயிற்று என்று சொல்ல வேண்டும். இரண்டு வாரம் படிக்காமல் விட்டால் மூன்றாவது வாரம் யாரும் எழுத மாட்டார்கள்.

அதே சமயம் எதிரியும் சும்மா இருக்க மாட்டான். 2020 கராபாக் போரில் ஆர்மீனியாவுக்கு எதிராக அஜர்பைஜான் பழைய ஏஎன்-2 விமானங்களை ஆளில்லாமல் பறக்கவிட்டது. அதைச் சுட்ட விமான எதிர்ப்பு நிலையங்கள் தாங்கள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டன, ட்ரோன்கள் அவற்றைத் தேடி அடித்தன. உக்ரைனில் ஒரு பக்கம் ரேடியோ அலையை முடக்கினால், மறுபக்கம் கண்ணாடி இழைக் கம்பியை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோனை அனுப்புகிறது. எனவே ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு பகுதியை, சொல்லாமல் கொள்ளாமல், கருவி செத்துவிட்டதாக அறிவித்து நடத்துங்கள். வரைபடமும் திசைகாட்டியும் அன்று வெளியே வரும்.

மூத்தவர்கள்

"அந்தக் காலத்துல இதெல்லாம் இல்லாமலே சண்டை போட்டோம்" என்கிற மூத்தவர் எல்லாப் பட்டாலியனிலும் உண்டு. அவரை ஓரங்கட்டாதீர்கள், ஆனால் அவர் சொல்வதை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். வேகமாகச் சுடும் துப்பாக்கி வந்தபோது பல நாட்டுத் தளபதிகள் "சிப்பாய் தோட்டாவை வீணடிப்பான்" என்றார்கள். அது வெறும் பிடிவாதமில்லை, உண்மையான பிரச்சினை. அதற்குப் பதில் சுடும் கட்டுப்பாட்டுப் பயிற்சி. "இது ஆம்பளைத்தனமில்லை" என்பது மட்டும்தான் தள்ளிவிட வேண்டிய பேச்சு.

போலந்துக் குதிரைப்படை ஈட்டியோடு டாங்கி மேல் பாய்ந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். கட்டுக்கதை. 1939 செப்டம்பர் 1 அன்று மோக்ராவில் வொலின் குதிரைப் படைப்பிரிவு ஜெர்மனியின் 4ஆவது டாங்கி டிவிஷனை நாள் முழுக்கத் தடுத்து நிறுத்தியது. குதிரை அவர்களுக்குப் போய்ச் சேர மட்டுமே. இறங்கி, 37 மில்லிமீட்டர் பீரங்கியும் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியும் வைத்துச் சண்டை போட்டார்கள். நிலத்தைப் படிக்கத் தெரிந்த உங்கள் மூத்தவருக்கும் அப்படி ஒரு இடம் உண்டு. ட்ரோன் திரை பக்கத்தில் அவரை உட்கார வையுங்கள். பையனுக்குப் புதராகத் தெரிவது, வெட்டி நட்ட புதர் என்று அவர் சொல்லிவிடுவார், இலை வாடியிருக்கும்.

கடைசியாகக் கால அட்டவணை. புதுப் பயிற்சிக்கு நேரம் எங்கிருந்து வரும் என்று எழுதாமல் எந்த உத்தரவும் போடாதீர்கள். என்னைக் கேட்டால் அணிவகுப்பு ஒத்திகையில் பாதியை வெட்டுவேன், துப்பாக்கிச் சுடும் மைதானத்தில் ஒரு நிமிஷத்தைக்கூடத் தொட மாட்டேன். அப்புறம் மாற்றல். நன்றாக ஓட்டப் பழகிய பையனுக்குத்தான் முதலில் மாற்றல் உத்தரவு வரும். அவன் போகும் முன் இரண்டு பேரைத் தயார் செய்து, அவர்கள் தனியாக ஓட்டுவதை நீங்கள் நேரில் பார்த்த பிறகே விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்.